70-க்கு 13: ஒரு விடைத்தாளைப் பிரித்துப் பார்த்த கதை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் என் அறை வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். பதினோரு வருடமாக மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். மே மாதத்தில் இது மாறியதே இல்லை. தேறாத பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். பேசுவதெல்லாம் கூட வந்தவர்கள்தான். "படிப்பே ஏறல மேடம்" என்பார் அப்பா. "எல்லாம் அந்த செல்போன்தான்" என்பார் மாமா. யாராவது ஒருவர் தவறாமல், தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று ஆரம்பிப்பார். அந்த வாசகத்துக்கு மட்டும் என் அறையில் தடை. தோற்ற பிள்ளைக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். படி எங்கே இருக்கிறது என்று அது சொல்வதே இல்லையே.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட்டாச்சா?"

பெரும்பாலும் பதில் வராது. ரிசல்ட் வந்ததும், அறிவிக்கும் சில நாட்களுக்குள் பள்ளி வழியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், திருத்திய விடைத்தாளின் நகலைப் பெறலாம். அதைப் பார்த்துவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். ஆனால் நகல் வாங்க வருவது யார் தெரியுமா? 98 எடுத்துவிட்டு, இரண்டு மார்க் எங்கே போனது என்று தேடும் பிள்ளை. தேறாத பிள்ளை வருவதில்லை. "அதைக் காசு கொடுத்து வேற பாக்கணுமா மேடம்?" என்று ஒரு பையன் கேட்டான்.

அவன் கதையையே சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). இயற்பியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இரண்டும் சேர்த்து 28 வைத்திருந்தான். எழுத்துத் தேர்வில் 70-க்கு 13. ஆக மொத்தம் 41. தேர்ச்சிக்கு 35 போதுமே, எப்படி ஃபெயில் என்று அப்பா கொதித்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 15 எடுத்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பையனுக்கும் தெரியாது! ரெண்டே ரெண்டு மார்க்.

நகல் வந்தது. மேசையில் விரித்து, அவனையே பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னேன். ஒரு மார்க் கேள்விகள் பதினைந்தில் எட்டு சரி. இரண்டு மார்க் பகுதியில் இரண்டு, மூன்று மார்க் பகுதியில் ஒன்று, ஐந்து மார்க் பகுதியில் இரண்டு. அவ்வளவுதான் 13. கட்டாய வினாக்கள் இரண்டையும் தொடவே இல்லை. "கணக்குன்னா விட்டுருவேன் மேடம்" என்றான்.

ஐந்து மார்க் பகுதியில் ஒரு பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டிருந்தான். சமன்பாடு தருவிக்கும் கேள்வி அது. நான்கு வரி சரியாக வந்திருக்கிறது. ஐந்தாவது வரி மறந்துபோக, எழுதிய நான்கையும் சேர்த்து அடித்துவிட்டான். படமும் இல்லை. படம் எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு பேப்பரை இழுத்துப் படத்தை வரைந்தான். வரைந்து முடிப்பதற்குள் ஐந்தாவது வரி வந்துவிட்டது. "இதை நான் வாயால மட்டும்தான் படிச்சேன் மேடம், எழுதிப் பாத்ததே இல்ல" என்று அவனே சொன்னான். அப்பா அதற்கப்புறம் படிப்பு ஏறவில்லை என்ற பேச்சை எடுக்கவில்லை.

பிள்ளை மக்கு என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. படம் போடாமல் படித்தான், கணக்கைக் கண்டால் ஓடினான், தெரிந்ததையும் அடித்தான் என்றால் மூன்று வேலை இருக்கிறது. துணைத்தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. புத்தகத்தின் இரண்டு தொகுதியையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம் என்றேன். ஒரு நோட்டு போட்டான். இடது பக்கம் தேர்வில் எழுதியது, வலது பக்கம் எழுதியிருக்க வேண்டியது. தினமும் இரண்டு கணக்கு, அலகோடு. எதையும் அடிக்கக் கூடாது. துணைத்தேர்வில் எழுத்துக்கு 31 வாங்கினான்.

விடைத்தாள் சில சமயம் பாடத்தைத் தாண்டியும் பேசும். கணக்குப்பதிவியலில் தேறாத ஒரு பெண்ணின் தாளில் முதல் ஏழெட்டுப் பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அவ்வளவு நேர்த்தி. அதற்குப் பிறகு எழுத்து சரிந்துகொண்டே போகிறது; கட்டங்கள் பாதியில் நிற்கின்றன. அன்று காலை என்ன சாப்பிட்டாய் என்றேன். வெறும் டீ. தலை சுற்றியதாம், வீட்டில் சொல்லவில்லையாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன், ஹீமோகுளோபின் 8.6. குறைந்தது 12 இருக்க வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறதென்று ஜன்னலுக்கு வெளியே போட்டிருக்கிறாள். சாப்பிட்ட பிறகு போடு, டீயோடு போடாதே என்று யாரும் சொல்லவில்லை. அவள் ஃபெயில் ஆனதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபெயில் ஆகாமலிருந்தால் அந்த ரத்தப் பரிசோதனை நடந்திருக்காது.

எல்லாச் சறுக்கலிலும் இப்படி ஒரு லாபம் ஒளிந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு அப்பாவை இழந்த ஒரு பிள்ளையின் தாளைப் பிரித்து நான் என்ன தேடுவது? அவனுக்கு அவகாசம்தான் தேவைப்பட்டது. அந்த வருடம் போகட்டும் என்று விட்டோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வந்த முதல் இரண்டு நாள் காரணம் கேட்காதீர்கள். சாப்பிட வையுங்கள், தனியாக விடாதீர்கள், சொந்தக்காரர்களின் போனை நீங்களே எடுங்கள். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. சித்தப்பாக்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை. வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் விளையாட்டு என்று ஒதுக்காமல் 104 அல்லது 14416-ஐ அழையுங்கள். எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. விடைத்தாளெல்லாம் அப்புறம்தான்.

அந்த இயற்பியல் பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பிளஸ் டூ தேறியதால் நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடிந்தது. போன மாதம் பேசினான். நோட்டு போடும் பழக்கம் விடவில்லையாம். அரியர் வைத்திருக்கும் பையன்கள் விடுதியில் இவனிடம்தான் வருகிறார்களாம். "முதல்ல உன் பேப்பரைக் கொண்டாடான்னு சொல்லிட்டேன் மேடம். எல்லாப் பயலும் தெரிஞ்சதைத்தான் அடிச்சு வச்சிருக்கான்."