சுனாமி வருதான்னு கடலடியில இருக்குற பெட்டிக்கு எப்படித் தெரியுது?

போன வாரம் ஒரு தம்பி கேட்டாப்ல, "அண்ணே, 2012 ஏப்ரல் 11ல அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவுல நிலநடுக்கம் வந்துச்சே, 2004 மாதிரி சுனாமி ஏன் வரல?" எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மதியம் சாப்ட்டு வந்து சீட்ல உக்காந்தா பாட்டில்ல தண்ணி தானா ஆடுது, கொஞ்ச நேரத்துல சென்னையில பாதி ஆபீஸ் ரோட்டுல நின்னுச்சு.

2004ல கடல்தரை மேல தூக்குச்சு, தண்ணியும் கூடவே எழும்புச்சு. 2012ல தரை பக்கவாட்டுல நகந்துச்சு, தண்ணிய தூக்க ஆளில்ல, அவ்ளோதான். ஆனா நடுக்கம் வந்த சில நிமிஷத்துல இதை அடிச்சு சொல்ல முடியாது, தண்ணிகிட்டயே கேக்கணும்.

அதுக்குத்தான் ஆழ்கடல் தரையில பெட்டி வச்சிருக்காங்க. உள்ள ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகிட்டே இருக்கும், வீணைக் கம்பிய முறுக்குனா சுருதி ஏறுதில்ல, அந்த மாதிரி மேல இருக்குற தண்ணியோட பாரம் மாறுனா இதோட சுருதியும் மாறும். 4000 மீட்டர் தண்ணிக்குக் கீழ உக்காந்துகிட்டு கடல்மட்டம் 1 சென்டிமீட்டர் ஏறுனாக் கூட கண்டுபிடிச்சிரும், அதாவது 4 லட்சத்துல ஒரு பங்கு! சரி, புயல் நேரத்துல 10 மீட்டர் அலை அடிச்சா ஏமாந்துடாதான்னு கேட்டா, அங்கதான் அழகே இருக்கு. காத்து கிளப்புற அலையோட ஆட்டம் அதோட நீளத்துல பாதி ஆழம் போறதுக்குள்ளயே அடங்கிரும், சுனாமி நீளமோ நூறு கிலோமீட்டருக்கும் மேல, அதுக்கு அந்த ஆழ்கடலே வாய்க்கா தண்ணிதான், அடி வரைக்கும் அசைக்கும். கடலே வடிகட்டிக் குடுத்துருது. ஓதத்தால கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குறத முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கழிச்சிருவாங்க, மிச்சம் நிக்கிறதுதான் சேதி.

பெட்டி ஒலியா அனுப்புறத மேல இருக்குற மிதவை வாங்கி சாட்டிலைட்டுக்குத் தள்ளும், அங்கிருந்து ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கற அரசாங்க கடல் தகவல் மையத்துக்குப் போகும், 2007ல இருந்து அங்கதான் எச்சரிக்கை குடுக்குறாங்க. 2004ல காலைல 6:29க்கு நடுக்கம், நம்ம கரைக்கு அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அவ்ளோ நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லாம போச்சு.

என் கடுப்பு என்னன்னா, மிதவை போட காசு வந்துரும், பராமரிக்கக் கேட்டாதான் கை சுருங்கும். மிதவைய சுத்தி மீன் கூடும், படகை அதுலயே கட்டுறாங்க, பார்ட்ஸும் திருடு போகுது. இதுக்கு நடுவுல பௌர்ணமிக்கு சுனாமி வரும்னு ஒரு ஃபார்வேர்டு வேற. 2004 பௌர்ணமிதான், ஒத்துக்குறேன், அப்புறம் வந்த பௌர்ணமி எல்லாம் என்ன பண்ணுச்சாம்?

மிதவைக்கும் எல்லை உண்டு. சுமத்ராவ ஒட்டி சிமிலுவேன்னு ஒரு தீவு, நடுக்கம் வந்த இடத்துக்கு ரொம்பப் பக்கம், 2004ல பத்து நிமிஷத்துக்குள்ள அலை வந்துருச்சு, எந்த மெஷினும் சொல்லி முடிச்சிருக்காது. ஆனா 1907 சுனாமிக்கு அப்புறம் அங்க தாத்தா பாட்டி எல்லாம் ஒரு கதை சொல்லி வச்சிருந்தாங்க: தரை பலமா ஆடி கடல் உள்வாங்குனா "ஸ்மோங்"னு (அவங்க பாஷையில சுனாமி) கத்திகிட்டே மேட்டுக்கு ஓடு. ஓடுனாங்க. சுமார் 78,000 பேர்ல செத்தது 7 பேர்.