கலப்பத்து

17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ஓவியர் ரைனியர் நூம்ஸ், 'ஸேமான்' என்ற பட்டப்பெயரோடு அறியப்பட்டவர். டச்சு மொழியில் அதற்குக் கடலோடி என்று பொருள். கடற்போர்களையும் வரைந்தார், ஆனால் அவருடைய செப்புத்தகட்டு அச்சுப் படங்களில் எனக்குப் பிடித்தவை துறைமுகத்தின் அன்றாட வேலையைக் காட்டுபவைதான். ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டிய கப்பல், அதன் வயிற்றை ஒட்டி ஒரு மிதவை, அதில் நின்று வேலை பார்க்கும் சின்னச் சின்ன ஆட்கள். அவர்கள் செய்வதைக் 'கப்பல் ரிப்பேர்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வேலைக்கென்றே ஒரு சொல் தமிழில் புழங்கியிருக்கிறது: கலப்பத்து.

மரக்கப்பலின் பலகைகளை எவ்வளவு நெருக்கிப் பொருத்தினாலும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். அலையில் கப்பல் முறுக்கிக்கொள்ளும்போது அது பெரிதாகும். அதற்குள் பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் திணித்து, மொட்டை உளி போன்ற இரும்பை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் கொதிக்கும் கீல், அதாவது தார் போன்ற பிசின், பூசுவார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதிக்கு என்ன செய்வது? பாய்மரத்தில் கயிறு கட்டி இழுத்துக் கப்பலையே சாய்க்க வேண்டியதுதான். அடிப்பாகம் வெளியே வந்ததும் அதில் ஒட்டிய பாசியையும் பழைய கீலையும் தீ காட்டிப் பொசுக்கி எடுத்துவிட்டு, புதிதாக அடைப்பார்கள். இப்படிச் சாய்ப்பதற்கு டச்சுக்காரர்கள் சொன்ன சொற்களில் ஒன்று 'கீல்ஹாலன்'. மாலுமியைக் கயிற்றில் கட்டிக் கப்பலுக்கு அடியில் இழுக்கும் கொடிய தண்டனைக்கும் அதே பெயர்!

சரி, சொல்லுக்கு வருவோம். பழைய அகராதிகளில் கலப்பத்து, கலப்பற்று என்று இரண்டு வடிவமும் உண்டு. இரண்டாவதைப் பார்த்தால் கலம் + பற்று என்று பிரிக்கத் தோன்றும். கலத்தில் பற்றவைப்பது, பொருத்தமாகத்தானே இருக்கிறது? அழகான பொருத்தம், ஆனால் வேர் அதுவல்ல. கலப்பத்து வேலை செய்பவரைப் போர்ச்சுகீசியர் 'கலஃபாத்தெ' என்பார்கள். அவர்களோடு வந்து நம் கரையில் தங்கிய சொல் இது. தமிழ்க் காது அதில் கலத்தைக் கேட்டுவிட்டது.

போர்ச்சுகலும் அதன் பிறப்பிடம் இல்லை. மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் முழுக்க இது வழங்கியது. 1041-42இல் சில மாதங்களே கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட ஐந்தாம் மிக்கேலுக்கு 'கலஃபாத்தெஸ்' என்று பட்டப்பெயர். அவருடைய அப்பா இந்த வேலை செய்தவராம். அரியணை ஏறியும் அப்பாவின் கொட்டாப்புளி விடவில்லை! மூலம் அரபியின் 'கலஃபா' என்பார் ஒரு சாரார். சூடாக்குவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல் என்பார் இன்னொரு சாரார். கொதிக்கும் கீலை நினைத்தால் எனக்கு இரண்டாவது பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் அது ஆதாரம் ஆகாது.

டச்சுக்காரர்களுக்கு இந்த வேலைக்கு 'ப்ரேவன்' என்று தனிச்சொல் உண்டு. அப்படியும் 'கலஃபாட்டரன்' அங்கும் நுழைந்தது. அதிலிருந்து வந்த 'ஓப்கலஃபாட்டரன்' இன்றும் பேச்சில் இருக்கிறது; பழையதை ஒட்டுப்போட்டுத் தேற்றுவது என்று பொருள். ஆங்கிலத்தின் 'கால்க்' மட்டும் வேறு குடும்பம், மிதித்து அழுத்துவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது.

தனித்தமிழில்தான் வேண்டும் என்றால் 'பொருத்தடைப்பு' எனலாம். குளியலறை ஓடுகளுக்கு நடுவே பூசுகிற சிலிகானுக்கும் அது பொருந்தும். ஆனால் நூம்ஸின் படத்துக்குக் கீழே எழுதச் சொன்னால் நான் 'கலப்பத்துப் பார்க்கிறார்கள்' என்றுதான் எழுதுவேன்.