பந்து ஓடும், ஆள் நிற்பான்: அரை மைதானத் தாக்குதலின் கணக்கு

கூடைப்பந்தில் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் தாக்கும் அணிக்கு மிஞ்சுவது 14 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள இடம்தான். அதற்குள் பத்துப் பேர். ஷாட் எடுக்க மொத்தம் 24 விநாடி. கோட்டைத் தாண்டுவதற்கே அதில் 8 வரை செலவாகியிருக்கலாம். இந்த நெரிசலில் ஒருவருக்காவது தடையில்லாத ஷாட் எப்படிக் கிடைக்கும்? பலகையில் வட்டமும் பெருக்கல் குறியுமாகக் கோச்சுகள் வரைந்து தள்ளுவதெல்லாம் இதற்காகத்தான்.

வேகமாக ஓடினால் கிடைத்துவிடும் என்று புதிதாக ஆடுபவர்கள் நினைப்பார்கள். உண்மையில் வேலை செய்வது தூரம். நல்ல பாஸ் ஒன்று விநாடிக்குப் பத்து மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவர் கைக்கு அது அரை விநாடியில் போய்ச் சேரும். பந்து கிளம்பியதைப் பார்த்து டிஃபெண்டரின் உடம்பு அசையவே ஏறக்குறைய கால் விநாடி ஆகிவிடும். மிச்ச நேரத்தில் ஓர் எட்டு எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். தாக்குபவர்கள் இரண்டு மீட்டர் இடைவெளியில் நின்றால் ஒரே டிஃபெண்டர் இருவரையும் பார்த்துக்கொள்வார். ஐந்து மீட்டர் என்றால் முடியாது. அதற்காக ஒன்பது, பத்து மீட்டர் விலகி நின்றால், பந்து காற்றிலேயே நெடுநேரம் இருக்கும். இடையில் புகுந்து தட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கணக்கைத் துல்லியமாகப் பிடித்தவர் அமெரிக்கக் கோச் டெக்ஸ் வின்டர். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாம் பேரியிடம் கற்ற முக்கோண முறையை மெருகேற்றி, 1962இல் புத்தகமாகவே எழுதினார். ஆட்டக்காரர்களுக்கு இடையே 15 முதல் 18 அடி, அதாவது நாலரை முதல் ஐந்தரை மீட்டர், இருக்க வேண்டும் என்பது அவர் விதி. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் கோச் ஃபில் ஜாக்சன் இதே முறையில் சிகாகோ புல்ஸுக்கு 6, லேக்கர்ஸுக்கு 5 என்று 11 பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார்.

முக்கோணம் என்பது ஒரு பக்கத்தில் நிற்கும் மூன்று பேர்: மூலையில் ஒருவர், பக்கவாட்டில் விங்கில் ஒருவர், ரிங்குக்கு அருகே போஸ்டில் ஒருவர். மற்ற இருவரும் எதிர்ப்பக்கம். இதில் மனப்பாடம் செய்த ஆட்டம் என்று எதுவும் கிடையாது. விங்கிலிருந்து போஸ்டுக்குப் பந்து போனால், கொடுத்தவரும் மூலையில் நிற்பவரும் போஸ்டை ஒட்டிக் குறுக்கே வெட்டி ஓடுவார்கள். போஸ்டை மறைத்தால் பந்து மேலே போகும். மேலே இருப்பவரையும் மறித்தால், எதிர்ப்பக்கத்து ஆள் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனைக்கு ஏறி வந்து பந்தை வாங்குவார். மறிக்கப்பட்டவர் டிஃபெண்டரின் முதுகுப்பக்கமாக ரிங்கை நோக்கி ஓடுவார். அடுத்து என்ன என்பதை டிஃபெண்டர்தான் முடிவு செய்கிறார், அவருக்கே தெரியாமல்.

1997 என்பிஏ இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். சிகாகோவும் யூட்டாவும் 86-86. பந்து சிகாகோவின் மைக்கேல் ஜோர்டானிடம். யூட்டாவின் ஜான் ஸ்டாக்டன் தன் ஆளை விட்டுவிட்டு ஜோர்டானை நெருக்க ஓடினார். அவர் விட்டுவிட்டு வந்த ஆள் ஸ்டீவ் கெர். ஜோர்டான் பந்தைத் தள்ளினார். ஸ்டாக்டன் திரும்புவதற்குள் சுமார் ஐந்து மீட்டரிலிருந்து கெர் போட்டு முடித்துவிட்டார். தயாராக இருக்கும்படி டைம்அவுட்டிலேயே கெரிடம் ஜோர்டான் சொல்லி வைத்திருந்தார்.

சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம். பந்து எங்கேயோ அங்கே ஓடுவது பிள்ளைகளின் இயல்பு. கூடவே தங்கள் டிஃபெண்டரையும் இழுத்து வந்து பந்து வைத்திருப்பவரை நசுக்கிவிடுவார்கள். தரையில் டேப் ஒட்டி இடம் காட்டுவது ஒரு வழி. டிரிபிளே, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவதே, கூடாது என்று சொல்லி ஆடவிடுவது இன்னும் நல்ல வழி என்பேன். தட்டிக்கொண்டு தப்பிக்க வழியில்லாதபோது, பாஸ் வாங்கத் தோதான இடம் எது என்று கண் தானாகத் தேடும்.

முக்கோணத்தை அப்படியே ஆடும் அணி இன்று அரிது. மூன்று புள்ளி ஷாட்டின் மதிப்பு புரிந்த பிறகு, ஐந்து பேரையும் அந்த ஷாட்டுக்கான வளைகோட்டுக்கு வெளியே நிறுத்தும் முறை பரவியது. என்பிஏவில் யாரையும் காக்காத டிஃபெண்டர் ரிங்குக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. நம் ஊர்ப் போட்டிகள் நடக்கும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதியில் அந்தத் தடை இல்லை. நெட்டையான சென்டர் நாள் முழுக்க அங்கேயே நிற்கலாம். அவரை வெளியே இழுக்க வேண்டுமானால், அவர் காக்கும் ஆளுக்கு வளைகோட்டின் தூரமான 6.75 மீட்டரிலிருந்து போடத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் முக்கோணத்தின் ஒரு துண்டு பிழைத்திருக்கிறது. 2014இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோச்சாக வந்த அதே கெர், போஸ்டுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு இருவர் வெட்டி ஓடும் பகுதியைத் தன் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். ஒரு மாற்றம்: அணியின் நட்சத்திர ஷூட்டர் ஸ்டெஃபன் கறி ரிங்கை நோக்கி மட்டும் ஓடுவதில்லை, சக ஆட்டக்காரருக்கு ஸ்கிரீன் போட்டுவிட்டு (அவரைக் காக்கும் டிஃபெண்டரின் வழியை உடம்பால் மறித்துவிட்டு) சட்டென்று வளைகோட்டுக்கு வெளியே போய்விடுவார். இரண்டு டிஃபெண்டர்களும் அவர் பின்னாலேயே போனால், ரிங்குக்குக் கீழே ஆளே இருக்காது.