யார் நடத்தும் தளம் இது?

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களின் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க உதவுவது என் வேலையில் ஒரு பகுதி. சென்ற ஆண்டு ஒரு மாணவி ஆய்வேட்டின் மூன்றாம் இயலோடு வந்தார். நாற்பது அடிக்குறிப்புகளில் ஆறு ஒரே தளத்தைக் காட்டின. பெயரிலேயே 'ஆய்வு மையம்' என்று இருந்தது. பிழையில்லாத நடை, ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே எழுதியவரின் படமும் பட்டங்களும். "நல்லாப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சார் எடுத்தேன்" என்றார். உண்மைதான், வரிவரியாகக் கோடு போட்டுப் படித்திருந்தார். அப்படிப் படித்ததால்தான் மாட்டிக்கொண்டார்.

நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. தளத்தின் பெயரை மட்டும் தேடுபொறியில் போட்டேன். அதைப் பற்றி வேறு யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, பதிவாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டுரையின் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடியபோது, அதே கட்டுரை இன்னும் மூன்று தளங்களில், மூன்று வேறு பெயர்களில் கிடைத்தது. மொத்தம் ஐந்து நிமிடம்.

இந்த வழக்கம் என் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் சில தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்கள் பலரும் மாணவர்களைப் போலவே சின்னத்தையும் தளத்தின் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப் திறந்து, மற்றவர்கள் அந்தத் தளத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். கவனமாகப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் தோற்றுப்போனார்கள் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பக்கத்துக்குள் இருப்பதையெல்லாம் போலியாகச் செய்துவிடலாம். 'டாப்பல்கேங்கர்' என்ற ரஷ்யப் பிரசார நடவடிக்கை 2022இல் அம்பலமானது. லு மோந்த், டெர் ஷ்பீகல் போன்ற பத்திரிகைகளின் தளங்களை எழுத்துருவரை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை இது தொடர்பாக 32 டொமைன்களைக் கைப்பற்றியது. அவற்றில் ஒன்றில் வாஷிங்டன் போஸ்ட்டின் பெயர் பிழையில்லாமல் இருந்தது. 'டாட் காம்' வரவேண்டிய இடத்தில் மட்டும் 'டாட் பிஎம்'. 2020இல் பிடிபட்ட, ரஷ்யாவோடு தொடர்புடைய 'பீஸ் டேட்டா' தளம் இன்னும் சாமர்த்தியமானது. ஆசிரியர் குழுவின் முகங்கள் கணினி உருவாக்கியவை, ஆனால் கட்டுரை எழுதியவர்களில் நிஜமான பகுதிநேரப் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். யாருக்காக எழுதுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

இணையத்துக்கு முன்பும் இதே வேலைதான். 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்த 'பேட்ரியாட்' நாளிதழில் பெயரில்லாத கடிதம் ஒன்று வெளியானது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் உருவாக்கியது என்றது கடிதம்; எழுதியவர் அமெரிக்க விஞ்ஞானியாம். இரண்டு ஆண்டு கழித்து ஒரு சோவியத் வார இதழ் அந்தக் கதையை எடுத்துப் போட்டது. ஆதாரம்? டெல்லி நாளிதழ்! தாங்களே விதைத்ததைத் தாங்களே மேற்கோள் காட்டினார்கள். இதில் சோவியத் உளவுத்துறைக்குப் பங்கு உண்டு என்று 1992இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் ஒப்புக்கொண்டார். அதற்குள் கதை உலகம் சுற்றிவிட்டது.

இத்தகைய பிரசாரம் நம்மை எதையாவது நம்பவைக்கப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் அதற்கு அந்த அவசியமே இல்லை. 2014 ஜூலை 17 அன்று உக்ரைன் வானில் மலேசியாவின் எம்எச்17 பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். உக்ரைன் போர் விமானம் சுட்டது, இல்லை உக்ரைனின் ஏவுகணை, புடினின் விமானத்துக்கு வைத்த குறி தவறியது, விமானத்தில் இருந்தவை முன்பே இறந்த உடல்கள் என்று கதைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாக வேண்டும், ஆனாலும் எல்லாம் ஒரே ரஷ்யத் தரப்பிலிருந்தே வந்தன. படிப்பவர் சலித்துப்போய் "யாருக்குத் தெரியும், எல்லாரும் பொய்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டால் போதும், வேலை முடிந்தது. சதிக் கோட்பாட்டுத் தளங்கள் பிரசாரத்துக்குப் பயன்படுவது இங்கேதான். "உங்களிடம் மறைக்கிறார்கள்" என்று தினமும் படித்துப் பழகியவருக்கு ஆறாவது கதையையும் விற்கலாம். (நெதர்லாந்து நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்த வழக்கில் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஏவியது பக் ரக ஏவுகணை, ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியிலிருந்து.)

அதற்காக வெளிநாட்டு அரசு ஊடகம் என்றாலே ஒதுக்கச் சொல்லவில்லை. முகப்பிலேயே தன் முதலாளி யார் என்று சொல்லும் ஊடகத்தை, அந்த நினைப்போடு படிக்கலாம். முதலாளியை மறைப்பவரிடம்தான் எனக்கு வம்பு. நானும் ஏமாந்திருக்கிறேன். துறைக்கான பரிந்துரைப் பட்டியலில் இப்படி ஒரு தளத்தைச் சேர்த்து, ஆறு மாதம் அது அங்கேயே கிடந்தது. 'எங்களைப் பற்றி' பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. முகவரியோ ஆசிரியர் பெயரோ இல்லாததைக் கவனிக்கவில்லை.

இப்போது மாணவர்கள் தளத்துக்கே போவதில்லை, சாட்பாட்டிடம் கேட்கிறார்கள். ரஷ்ய ஆதரவுப் பிரசாரம் செய்யும் 'பிராவ்தா' வலையமைப்பு என்று 2024இல் பிரெஞ்சு அரசின் விஜினம் அமைப்பு அம்பலப்படுத்தியதில் 193 தளங்கள் இருந்தன. அவற்றுக்கு வாசகர்கள் சொற்பம். ஆனால் அவற்றில் வந்த கதைகளைச் சாட்பாட்கள் திருப்பிச் சொன்னது பின்னர் தெரியவந்தது. அதனால் பதில் எதுவானாலும், "எந்தத் தளத்திலிருந்து?" என்று கேட்டு, அந்தப் பெயரைத் தனியாகத் தேடச் சொல்கிறேன்.

அந்த மாணவியின் ஆறு அடிக்குறிப்புகளையும் சேர்ந்து உட்கார்ந்து தேடினோம். நான்கு தகவல்கள் சரியானவை, அரசுப் புள்ளிவிவரங்களில் மூலமே கிடைத்தது. இரண்டுக்கு எங்கும் ஆதாரம் இல்லை. இயலின் முடிவு அந்த இரண்டின் மேல்தான் நின்றது. திருத்தி எழுத மூன்று வாரம் ஆயிற்று.