ஏரிக் கெண்டையின் வாயும் சேற்று மணமும்

வடகிழக்குப் பருவமழையில் பாலாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்பும் ஆண்டுகளில், அந்த வட்டாரத்துக் கரைகளில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களைக் காணலாம். ஏரி மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுவதால், குத்தகைதாரரைக் கேட்டுக்கொண்டு தூண்டில் போடுவதே முறை. அப்படிப் போடுகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: தக்கை ஆடுகிறது, சுண்டினால் முள்ளில் மீனும் இல்லை, இரையும் இல்லை. மீன் ஏமாற்றிவிட்டது என்கிறார்கள். உண்மையில் கெண்டை தனக்கு வழக்கமான முறையில் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சாதாக் கெண்டையின் தாடையில் பல்லே கிடையாது. அது இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. தாடை குழல்போல் முன்னுக்கு நீளும்போது வாயின் உட்பகுதி சட்டென்று விரிய, உள்ளே அழுத்தம் குறைந்து, முன்னால் இருக்கும் தண்ணீர், சேறு, மணல், புழு எல்லாம் ஒன்றாக உள்ளே போகின்றன. அந்தக் கலவையிலிருந்து உணவை மட்டும் பிரித்தெடுக்க, மேலண்ணத்தில் சுவை மொட்டுகள் நிறைந்த ஒரு தசைத் திண்டு இருக்கிறது. உணவென்று உணர்ந்த துணுக்கின் மேல் அந்தத் திண்டின் ஒரு பகுதி மட்டும் புடைத்து அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவை வாய் வழியாகவோ செவுள் வழியாகவோ வெளியே தள்ளப்படும். தேர்ந்தெடுத்த உணவு தொண்டைக்குப் போன பிறகுதான் பல்லுக்கு வேலை வருகிறது. அங்குள்ள எலும்பில் மூன்று வரிசையாக இருக்கும் பற்கள், எதிரே உள்ள கடினமான திண்டின் மேல் உணவை அரைக்கின்றன. கெண்டைக்கு இரைப்பை இல்லாததால், அரைத்தது நேராகக் குடலுக்குப் போய்விடுகிறது.

தக்கையின் முதல் நடுக்கங்கள் இந்த உறிஞ்சலும் துப்பலும்தான். அந்த நேரத்தில் சுண்டினால், முள் இன்னும் உதட்டைத் தாண்டியிருக்காது, மாவு உருண்டை மட்டும் பிய்ந்து போகும். ஈயக்குண்டு தரையைத் தொடும்படி கட்டியிருந்தால் இன்னோர் அடையாளமும் கிடைக்கும்: மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தும்போது குண்டும் சேர்ந்து தூக்கப்படுவதால், தக்கை அமிழாமல் மேலே எழும்பிச் சாய்ந்துவிடும். தக்கை முங்குவதற்காகவே காத்திருப்பவர் இந்தத் தருணத்தைத் தவறவிடுகிறார்.

எல்லாக் கெண்டையும் தரையில் மேய்வதில்லை. மேல்நோக்கிய வாயுள்ள கட்லா, மேல்மட்டத்து நீரில் மிதக்கும் நுண்விலங்குகளைத் தின்னும். ரோகு நடுமட்டத்தில் உலவும். மிர்கால் அடியில் மக்கும் பொருள்களைத் தேடும். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எவ்வளவு தூண்டில் நரம்பு விடுவது என்பதை இதுவே முடிவு செய்கிறது. இந்த மூன்றும் ஓடும் ஆற்று வெள்ளத்தில் இனப்பெருக்கம் செய்பவை என்பதால், நம் ஏரிகளில் தாமாகப் பெருகுவதில்லை. 1957இல் மீன் அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி மூலம் இவ்வகைக் கெண்டைகளை முட்டையிடச் செய்த பிறகுதான், வளர்ப்புக்கான குஞ்சுகளை ஆற்றில் தேடிப் பிடிக்கும் நிலை மாறத் தொடங்கியது.

கரையில் பேசக்கூடாது என்பது பெரியவர்களின் கண்டிப்பு. கெண்டையின் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சின்னஞ்சிறு எலும்புகளின் தொடர் ஒன்று இருப்பதால், அதன் செவித்திறன் மற்ற பல மீன்களைவிடக் கூர்மையானது என்பது மெய். ஆனால் காற்றில் வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் நீருக்குள் நுழையும். மற்றது நீர்ப்பரப்பிலேயே எதிரொலித்துத் திரும்பிவிடும். கரையில் தடதடவென்று நடப்பது மண் வழியாகவே நீருக்குப் போய்ச் சேர்வதால், என் கணிப்பில் பேச்சைவிடக் காலடிதான் அதிகக் கெடுதல்.

விடியற்காலையே மீனுக்கு நல்ல நேரம் என்பதும் எப்போதும் பொருந்தாது. கோடையில் நீர் வற்றிப் பாசி மண்டிய ஏரியில், பாசியும் மற்ற உயிர்களும் இரவெல்லாம் ஆக்சிஜனைச் செலவழிப்பதால் விடியும்போது அது மிகக் குறைந்திருக்கும். நீர் சூடாக இருந்தால் அதில் கரையும் ஆக்சிஜனே குறைவு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையுமென்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன் மூச்சுக்குத் திணறுகிறதே தவிர, இரை தேடவில்லை. அத்தகைய நாளில் வெயில் ஏறி, பாசி மறுபடி ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்கும்வரை பொறுப்பது மேல்.

அதே பாசி சமையலறையிலும் தொல்லை கொடுக்கிறது. ஏரி மீனின் சேற்று வாடைக்குச் சேறு காரணமில்லை. நீலப்பசும்பாசிகளும் மண்ணில் வாழும் சில நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள், பெரும்பாலும் செவுள் வழியாக மீனுக்குள் புகுந்து கொழுப்பில் தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவுவது மேலுள்ள வழுவழுப்பைப் போக்குமே தவிர, கொழுப்புக்குள் இருப்பதைத் தொடாது. தோலையும் வயிற்றோரக் கொழுப்பையும் நீக்கினால் வாடை குறையும். உயிரோடு கிடைத்த மீனைத் தெளிந்த நீரில் இரை போடாமல் சில நாள் விட்டாலும் குறையும். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமற்ற வேறொரு பொருளாக மாறக்கூடியது. புளியின் அமிலம் அதற்கு மென்மையானதுதான், முழுவதையும் மாற்றிவிடாது. மிச்சத்தை வெந்தயமும் பூண்டும் மறைக்கின்றன.

மீனை அறுக்கும்போது பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்தால் கறி கசக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அதைவிட முக்கியமாக, மருந்தென்று நம்பிக் கெண்டைப் பித்தத்தை விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது; அதிலுள்ள நஞ்சு வேகவைத்தாலும் அழிவதில்லை.

தசைக்குள் புதைந்திருக்கும் கவட்டை முட்கள் சாதாக் கெண்டையில் நூறளவுக்கு இருக்கும். வறுப்பதானால், துண்டின் இருபுறமும் நெருக்கமாகக் கீறிவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்கி மெல்லிய முட்கள் மொறுமொறுப்பாகிவிடும். குழம்பென்றால், புளிக்கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்து வற்றிய பிறகே துண்டுகளைப் போட வேண்டும். மீன் தசையைப் பிணைக்கும் கொலாஜன் ஆட்டுக்கறியில் இருப்பதைவிடக் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடுவதால், சில நிமிடங்களுக்குமேல் கொதித்தாலோ கரண்டி போட்டாலோ துண்டு உதிர்ந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றினால் போதும். கரைந்த கொலாஜன்தான் மறுநாள் குழம்பைக் கெட்டியாக்குகிறது. கேழ்வரகுக் களிக்கு அந்தப் பழங்குழம்பே பொருத்தம் என்பார்கள், நானும் அந்தக் கட்சிதான்.