நெட்வொர்க்கிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

வேலை தேடுகிறவரிடம் “லிங்க்ட்இன்ல நெட்வொர்க்கிங் பண்ணுங்க” என்று சொல்லாதவர் இல்லை. லிங்க்ட்இன் என்னும் வேலை சார்ந்த சமூக ஊடகம் வழியாகத் தன் துறையினரை அறிந்து, பழகி, அந்தப் பழக்கத்தைக் காத்து வருவதே இதன் பொருள்.

ஆங்கிலத்தில் ‘நெட்’ வலை. ‘வொர்க்’ இங்கே வேலைப்பாடு. 16ஆம் நூற்றாண்டில் நூலிலோ கம்பியிலோ பின்னிய பொருளைத்தான் நெட்வொர்க் என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் கால்வாய்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் அந்தப் பெயர் போனது. அப்புறம் வானொலி, கணினி, மனிதர்கள்.

தமிழில் கணினி நெட்வொர்க்குக்குப் பிணையம், வலையமைப்பு இரண்டும் வழங்குகின்றன. கம்பிகளுக்கு அவை சரி. மனிதர்களுக்கு ஒட்டவில்லை என்பது என் எண்ணம். வலை என்றதும் நமக்கு வீசுவதும் விரிப்பதும் விழுவதும்தானே நினைவுக்கு வருகின்றன? யாரும் யாரையும் பிடிக்கப் போகவில்லையே!

நம்மிடம் ‘தொடர்பு’ இருக்கிறது. ‘தொடர்’ என்ற வினையிலிருந்து வந்தது. விடாமல் நீள்வது என்ற பொருள் அதற்குள்ளேயே உண்டு. குறள் 783, “பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு” என்கிறது. நல்ல நூல் படிக்கப் படிக்க இன்பம் தருவது போல, பண்புள்ளவர் நட்பு பழகப் பழக இன்பம் தரும். அங்கே தொடர்பு என்பது நட்பேதான்.

‘பின்தொடர்’ என்பதும் இதே வேரில் பிறந்த சொல். லிங்க்ட்இன்னில் ‘ஃபாலோ’ அழுத்த ஒருவர் போதும். ‘கனெக்ட்’ கொடுத்தால் எதிரில் இருப்பவரும் ஏற்க வேண்டும். முன்னது பின்தொடர்தல், பின்னது தொடர்பின் தொடக்கம். வெறும் தொடக்கம்தான். அவர் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்வது, கேட்ட ஐயத்துக்குப் பதில் தருவது, வேலை மாறினால் வாழ்த்துவது என்று போனால்தான் அது தொடரும்.

நெருக்கமாகப் பழக வேண்டும் என்பதுகூட இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்ட விவரம் இருக்கிறது. அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே; எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவர்தான் புதியதைக் கொண்டுவருகிறார்.

ஆகவே நெட்வொர்க்குக்குத் ‘தொடர்பு வட்டம்’, நெட்வொர்க்கிங்குக்குத் ‘தொடர்பு வளர்த்தல்’ என்று நான் எழுதுகிறேன். “லிங்க்ட்இன்ல தொடர்பு வளர்த்துக்குங்க” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.