சோக்கை இழுங்க, ஆக்சிலேட்டரை விடுங்க

நேற்றுக் காலை பட்டறையைத் திறக்கும்போதே ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம். "நாப்பது உதை உதைச்சேண்ணே, செத்துப்போச்சு" என்றார். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் குளித்திருக்கிறது. துடைத்துக் காயவைத்து மாட்டி, ஒரே உதை. ஓடியது. என் கூலியைவிட அவர் ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம். இந்த மாதத்தில் இப்படி வருவது இது ஆறாவது வண்டி. அதனால்தான் குளிர்க் காலையில் பைக்கை ஸ்டார்ட் செய்வது பற்றி எழுத உட்கார்ந்தேன்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்கள் போய்த் தூங்கலாம். அவற்றில் பெரும்பாலும் பெட்ரோலை அளந்து தெளிக்கிற இன்ஜெக்‌ஷன். குளிரைத் தானே பார்த்துக்கொள்ளும். நான் பேசுவது காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கிற கார்பரேட்டர் உள்ள பழைய வண்டிகளைப் பற்றி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது அவற்றோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பற்றி.

வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஆக்சிலேட்டரை நல்லா முறுக்கித்தாண்ணே உதைச்சேன்." அங்கேதான் தப்பு. முறுக்கினால் பெட்ரோல் பீய்ச்சும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சில பழைய கார்களின் கார்பரேட்டரில் அதற்கென்று ஒரு பம்ப் உண்டு, மிதித்தால் பீய்ச்சும். இந்த வண்டிகளில் அது கிடையாது. கேபிள் உள்ளே காற்று வழியைத் திறந்து மூடுகிற ஒரு ஸ்லைடைத் தூக்குகிறது, அவ்வளவுதான். பெட்ரோலை இழுப்பது இன்ஜினின் உறிஞ்சல். இன்ஜின் சுற்றாதபோது நூறு தடவை முறுக்கினாலும் ஒரு சொட்டு போகாது.

சரி, முறுக்கிப் பிடித்துக்கொண்டே உதைத்தால்? குளிரில் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோல் பங்கைக் கூட்டிக் கொடுப்பது சோக். யமஹா ஆர்எக்ஸ்100-இல் அது தனியாக ஒரு சின்னப் பாதை. ஸ்லைடு மூடியிருந்தால்தான் அதில் உறிஞ்சல் விழும். ஸ்லைடைத் திறந்துவிட்டால், ஓட்டை விழுந்த குழலை வைத்து இளநீர் குடிக்கிற கதை, காற்றுதான் வரும். ஸ்ப்ளெண்டரில் சோக் காற்று வாயை அடைக்கிற ஒரு தகடு. அதை அடைத்துவிட்டு ஸ்லைடையும் திறந்தால் உறிஞ்சல் முழுக்க பெட்ரோல் மேலேயே விழுந்து, பிளக் நனைந்துவிடும். ஒரே தப்புதான். ஒரு வண்டி பட்டினி கிடக்கும், இன்னொன்று மூழ்கும். அதனால் கையை எடுங்கள். சாவியைப் போடாமல் சோக்கை முழுக்க இழுத்து மூன்று, நான்கு உதை மெதுவாக. பிறகு சாவி. பிறகு ஒரு முழு உதை, ஆக்சிலேட்டர் தொடாமல்.

மூழ்கிவிட்டது, பெட்ரோல் வாடை தூக்குகிறது என்றால் இப்போது முறுக்கலாம். சாவி ஆஃப், சோக் ஆஃப், முழுக்க முறுக்கிப் பத்து உதை. அப்போதும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். மாற்றுப் பிளக் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். அது என்ன தங்கமா?

ஸ்டார்ட் ஆன அரை நிமிடத்தில் சோக்கைப் பாதியாக்கி, சீராக ஓடத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். குன்னூர் வரை இழுத்தபடியே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் இருப்பது ஏறக்குறைய 2,240 மீட்டரில். இங்கே காற்றே தரைமட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் டியூன் பண்ணின வண்டி இங்கே ஏற்கெனவே பெட்ரோல் அதிகம் குடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மேல் சோக் வேறு என்றால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும்.

பழைய புல்லட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்குங்கள். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து ஒரு நூல் தாண்டி, விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் முழு உதை. சும்மா குதித்தால் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி வந்தவர்கள் உண்டு.

மற்றவை சுருக்கமாக. கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். கெட்டியான ஆயில் இந்தக் குளிரில் வெல்லப்பாகு மாதிரி. செல்ஃப் ஸ்டார்ட்டை ஐந்து விநாடிக்கு மேல் அமுக்காதீர்கள், குளிரில் பேட்டரிக்குத் தெம்பு குறைவு. பிளக் மூடியில் பனி ஈரம் இருந்தால் துடையுங்கள். ஒரு மாதம் நின்ற வண்டியென்றால் கார்பரேட்டர் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கொதிக்கிற வெந்நீரை இன்ஜின் மேல் ஊற்றாதீர்கள். அடியில் பேப்பர் கொளுத்திச் சூடு காட்டுகிற புண்ணியவான்களுக்கு: மேலே இருப்பது பெட்ரோல் டேங்க்!

இனிச் சொல்வதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பனிக்குப் பயந்து வண்டியை வீட்டுக்குள் நிறுத்துகிறோம். நியாயம்தான். ஆனால் ஸ்டார்ட் செய்வது வாசலுக்குத் தள்ளிய பிறகுதான். சோக் போட்ட இன்ஜின் கக்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு கூடுதல். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்து மலையூர்களில் உயிர் போனதைப் பேப்பரில் படித்திருக்கிறோமே, அதே வாயுதான். போன வருஷம் என் வாடிக்கையாளர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு நடையிலேயே பத்து நிமிடம் வண்டியைச் சூடேற்றியிருக்கிறார். உள்ளறையில் தூங்கிய பையன் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுத்தான். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கார்பரேட்டர் வேலைக்கு வந்த இடத்தில் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார். வண்டி எங்கே நின்றது என்று நான்தான் கேட்டேன்.